பயந்துபோன பிக்கப்

இந்த சோங்க்ரான் தண்ணீர்ப் பண்டிகைக்குக் குடிப்பேன், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவேன், அதுவும் என் பெண்டாட்டி காவல் நிற்கிற தடுப்பைத் தாண்டியே ஓட்டுவேன் என்று தவின் சபதம் போட்டபோது அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. அதுதான் கேவலம். குடித்துவிட்டு உளறியிருந்தால் மறுநாள் மறந்துவிடலாம். இது பல் விளக்கிவிட்டு, வெறும் வயிற்றில், தெளிந்த புத்தியோடு போட்ட சபதம்.

கேட்டது இரண்டே பேர். ஒன்று, பக்கத்து வீட்டு பைரோட். இன்னொன்று, தவினுடைய சண்டைச் சேவல். சேவல் பேசாமல் இருந்தது. பைரோட்தான் கைதட்டினான்.

"அண்ணே, நீ ஆம்பள!"

"பின்ன?"

"ஆனா அங்க நிக்கறது அக்கா."

"அதனாலதான்டா தாண்டணும். போலீஸ் தடுப்பத் தாண்டறவன் திருடன். பெண்டாட்டி தடுப்பத் தாண்டறவன் வீரன்."

பைரோட் இதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் பெண்டாட்டி உண்டு.

நோங் யாங் கிராமத்துக்கு உள்ளே வர ஒரே ரோடு. வெளியே போகவும் அதே ரோடுதான். அது நெடுஞ்சாலையைத் தொடுகிற இடத்தில் ஒவ்வொரு சோங்க்ரானுக்கும் குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு, மேலே துணிப்பந்தல் கட்டுவார்கள். குடித்தவன் வண்டியோடு வெளியே போகக் கூடாது. ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட தடுப்பு. முன்னெல்லாம் ஆம்பளைகள் காவல் இருந்தார்கள். நிறுத்துகிறவனும் குடித்திருப்பான், நிற்கிறவனும் குடித்திருப்பான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு மூங்கிலைத் தூக்கிவிடுவார்கள். மத்தியானத்துக்குள் மூங்கிலே காணாமல் போய்விடும். தேடினால் அதை வெட்டி அடுப்பில் வைத்து யாராவது மீன் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

போன வருஷத்துக்கு அப்புறம் ஊர்த்தலைவர், "ஆம்பளைங்க கிழிச்சது போதும்" என்று சொல்லிவிட்டுப் பெண்களைக் காவல் போட்டார். அவர்களுக்குத் தலைவி லம்யாய். தவினுடைய மனைவி. ஊதச் சொல்லிப் பார்க்கிற கருவியெல்லாம் அவளிடம் கிடையாது. தேவையும் இல்லை. இத்தனை வருஷம் ஒரு குடிகாரனோடு குடும்பம் நடத்தியவளுக்கு அவன் செருப்பைக் கழற்றுகிற சத்தமே போதும்.

போன வருஷம் என்ன நடந்தது? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்.

தவின் காலையிலிருந்து அரிசிச் சாராயம் குடித்தான். பிக்கப்பின் பின்னால் தண்ணீர் டிரம்மை ஏற்றினான். ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய், போகிற வருகிறவர்கள்மேல் தண்ணீர் அடிப்பது அவன் வழக்கம். பிள்ளைகள் ஏறும் முன்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்தான். ரோட்டோரத்தில் புவாவின் கடை. பச்சைப் பப்பாளிக்காயைக் காரம் போட்டு இடித்து, நொதித்த மீன் சாறு ஊற்றித் தருகிற சின்னக் கடை. பிக்கப் கடைக்குள் போனது. அப்புறம் குளத்துக்குள் போனது. கடைக்கு முன்னால் புவாவின் மகள் நோக், கையில் தண்ணீர் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. கால் உடைந்தது. இப்போது நடக்கிறாள். ஒரு கால் இன்னொரு காலுக்காகக் காத்திருந்து நடக்கிற மாதிரி நடக்கிறாள்.

குளத்திலிருந்து ஏறி வந்த தவின் முதலில் சொன்னது: "வண்டி பயந்துருச்சு."

எதைப் பார்த்து? ஏதோ குறுக்கே வந்ததாம். மனுஷன் இல்லையாம், மாடும் இல்லையாம். வண்டி மிரண்டு தானாகவே திரும்பிவிட்டதாம். ஊர் தலையாட்டியது. ஏனென்றால் ஊரில் பாதிப் பேருடைய வண்டி என்றைக்காவது பயந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவைத் தவின் ஏற்றுக்கொண்டான். கோழி அடித்து சூப் வைத்துக் கொண்டுபோனான். புவா கைகூப்பி, "பரவாயில்ல அண்ணே" என்றாள். அந்த ஊரில் யாரும் எதற்கும் சொல்வது அதுதான். உண்மையிலேயே பரவாயில்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

லம்யாய் மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டாள். "வண்டியா பயந்துச்சு?"

"ஆமா."

"சரி."

அந்தச் "சரி"யைத் தவின் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

இந்த வருஷத்துத் திட்டத்துக்கு வருவோம். லம்யாய் பண்டிகை வந்தால் பிக்கப் சாவியை ஒளித்துவிடுவாள். அதனால் டவுனில் மாற்றுச் சாவி ஒன்று செய்து, சேவல் கூடைக்கு அடியில் புதைத்து வைத்தான். சேவல் யாரையும் கிட்டே விடாது. புதைக்கும்போது தவினையே மூன்று இடத்தில் கொத்தியது. வாடைக்குத் துளசி இலை, பச்சைப் பூண்டு. முகம் சிவந்தது தெரியாமல் இருக்க, எல்லாரும் பண்டிகைக்குக் கன்னத்தில் தடவிக்கொள்கிற வெள்ளை மாவை நெற்றியிலிருந்து கழுத்துவரை பூசிக்கொள்வது. நாக்குக் குழறுவது கேட்காமல் இருக்க, பின்னால் ஏறுகிற பிள்ளைகளின் கூச்சல்.

பிள்ளைகளை மறைப்பாக வைத்துக்கொள்கிறோமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. குடிக்கப்போகிறவனுக்குத் தோன்றாது. அவனுக்குத் தன் மூளையைப் பார்த்துத் தனக்கே மரியாதை வந்தது, அவ்வளவுதான்.

பண்டிகை அன்று காலையில் லம்யாய் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். ஒட்டரிசிச் சோற்றை வாழையிலையில் பொதிந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏய்யா, பிக்கப் சாவி ஆணியில தொங்குது."

தவினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒளிச்சு வெக்கலயா?"

"எதுக்கு?"

"இன்னிக்கு சோங்க்ரான்டி."

"தெரியும். குளிச்சுட்டுத்தான வந்திருக்கேன்."

"நான் குடிப்பேன்."

"குடி."

"குடிச்சிட்டு வண்டி எடுப்பேன்."

"முடிஞ்சா எடு."

"தடுப்புல நீதான நிப்ப?"

"பின்ன உங்கம்மாவா நிப்பாங்க? போய்யா, வேலை கெடக்கு."

தவின் தன் மணிக்கட்டில் இருந்த சேவல் கொத்தின காயங்களைப் பார்த்துக்கொண்டான். கோட்டையைப் பிடிக்க ஏணி, கயிறு எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனால், எதிரி கதவைத் திறந்துவைத்துச் சோறு பொதிந்துகொண்டிருக்கிறாள். இதைவிட அவமானம் உண்டா? ஆனாலும் ஆணியில் இருந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சேவல் கூடைக்கு அடியில் இருந்ததையும் தோண்டி இன்னொரு பையில் போட்டுக்கொண்டு, பைரோட் வீட்டுக்குப் போனான்.

"பயந்துட்டாடா" என்றான்.

"அக்காவா?"

"வேற யாரு? என் சபதம் காதுக்குப் போயிருக்கு."

"யாரு சொல்லியிருப்பா?" என்றான் பைரோட், சேவல் இருந்த திசையைப் பார்த்து.

குடித்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. துளசி இலையை ஆடு மாதிரி மென்றுகொண்டு, வெள்ளை மாவில் முங்கி எழுந்த முகத்தோடு, தவின் தன் வீட்டு வாசலுக்கு வந்தான். பைரோட் பின்னாலேயே வந்தான்.

வாசல் முழுக்க ஆட்கள்.

பிக்கப்பைச் சுற்றி ஊரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் தண்ணீர்த் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் இருந்தார்கள். பிக்கப்பின் மூக்குமேல் வாழையிலையில் கூம்பு கூம்பாகச் செய்த தட்டு, சாமந்திப் பூ, அவித்த முட்டை. அந்தத் தட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்தி நூல் கிளம்பி, கண்ணாடியைச் சுற்றி, கதவுக் கைப்பிடியைச் சுற்றி, ஸ்டீயரிங்கைச் சுற்றி, நான்கு டயரையும் சுற்றி, வீட்டுத் தூணில் போய் முடிந்திருந்தது. தோளில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு லா தாத்தா கண்ணை மூடி ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். உயிர் அழைக்கிற சடங்கு என்றால் ஊரில் அவர்தான்.

"வா குவானே, வா! குளத்துல இருந்தா வா, சேத்துல இருந்தா வா. தாமரைக் கொடியில சிக்கியிருந்தா அவுத்துக்கிட்டு வா. டயரோட குவானே வா. ஹாரனோட குவானே வா. பிரேக்கோட குவானே, நீ முக்கியமா வா!"

"வா! வா!" என்றது கூட்டம்.

மனுஷன் பயந்தால் அவனுக்குள் இருக்கிற குவான் ஓடிவிடும். அப்புறம் அவன் வெறும் கூடுதான். கூப்பிட்டு, தாஜா பண்ணி, நூல் கட்டி உள்ளே தங்கவைக்க வேண்டும். மாட்டுக்கும் குவான் உண்டு, நெல்லுக்கும் உண்டு. வண்டிக்கு மட்டும் இல்லாமலா போகும்? கட்டின நூலை மூன்று நாளைக்கு அறுக்கக் கூடாது. அறுத்தால் வந்த குவான் போய்விடும். அறுத்தவனுடையதும் கூடவே கிளம்பிவிடும். இது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

பண்டிகையும் சரியாக மூன்று நாள்தான்.

"என்னடி இது?" என்றான் தவின்.

"ஷ்ஷ்... உக்காரு. பிரேக்கோட குவான் இப்பதான் வாசல்வரைக்கும் வந்திருக்கு."

"உன்ன யாரு இதச் செய்யச் சொன்னா?"

"நீதானய்யா சொன்ன, வண்டி பயந்துருச்சுன்னு. ஒரு வருஷமா அது குவான் இல்லாம ஓடிட்டிருக்கு. எனக்கு மனசு கேக்கல."

"அதுக்கு இன்னிக்கா?"

"இன்னிக்கு நல்ல நாள்."

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. தவின் பிக்கப் பக்கத்தில் போனான். கைப்பிடியில் நூல். ஒற்றை நூல். எறும்பு இழுத்தால் வந்துவிடும். மூக்கைச் சிந்துகிற வேகத்தில் காற்று அடித்தால் அறுந்துவிடும். சித்திரை வெயிலில் அது பளபளவென்று, வண்டியின் உடம்பில் ஓடுகிற நரம்பு மாதிரி மினுங்கியது. அத்தனை பெரிய இரும்பு, கடையை உடைத்த இரும்பு, குளத்தைக் கலக்கின இரும்பு, அந்த நூலுக்குள் கன்றுக்குட்டி மாதிரி நின்றது. தவினுக்குக் கை மயிர் குத்திட்டது. போலீஸ் கையைக் காட்டியபோது நிற்காத வண்டி. கடையைப் பார்த்து நிற்காத வண்டி. இப்போது நிற்கிறது.

"அண்ணே, ஒரே இழு" என்றான் பைரோட் காதில்.

"நீ இழு."

"எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு அண்ணே."

"எனக்கு?"

"உனக்கு அக்கா இருக்காங்க. அவங்க உன்ன எப்படியும் கொல்லத்தான் போறாங்க."

லா தாத்தா ஒரு கண்ணைத் திறந்தார். "தம்பி, அறுக்கத்தான் கூடாது. ஆள் மாறிக் கட்டியிருந்தா அவுத்துரலாம். தப்பில்ல."

"அப்ப அவுங்க தாத்தா!"

"எப்படி அவுக்கறது? வண்டி பயந்துச்சுன்னு நீதான சொன்ன?"

லம்யாய் இடுப்பில் கை வைத்தாள். "நீயே சொல்லிரு. வண்டி பயந்துச்சா, பயப்படலயா?"

தவின் வாயைத் திறந்தான். பயந்தது என்றால் மூன்று நாளைக்கு வண்டி கிடையாது. பயப்படவில்லை என்றால், அப்புறம் கடைக்குள் எப்படிப் போனது என்று வரும். மூளையைச் சாராயத்திலிருந்து கரையேற்றப் பார்த்தான். அது வரமாட்டேன் என்றது.

"கொஞ்சமா பயந்துச்சு" என்றான்.

"கொஞ்சம் பயந்தாலும் மூணு நாள்தான்" என்றார் லா தாத்தா.

யாரோ சிரித்தார்கள். பிள்ளைகள் டிரம்மையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் நோக் எழுந்து வந்தாள். ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். வந்து பிக்கப்பின் விளக்கைத் தடவினாள். புவா, "ஏய், வா இங்க" என்று கூப்பிட்டாள். நோக் போகவில்லை.

"மாமா, வண்டி என்னப் பாத்தா பயந்துச்சு?"

தவின் அவள் காலைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. சும்மா டப்பா வெச்சுக்கிட்டு நின்னேன். தண்ணி கூட ஊத்தல. அன்னைலேந்து நான் எந்த வண்டி வந்தாலும் ஒளிஞ்சுக்கறேன். என்னப் பாத்து பயந்துரப் போகுதுன்னு."

இதற்கு மேலும் ஒருத்தன் வீரனாக நிற்க முடியுமா? தவின் முகத்தில் வெள்ளை மாவு வெடித்துக் கோடு விழுந்தது. வேர்வையா என்ன என்று தெரியவில்லை.

"வண்டியும் பயப்படல, மண்ணும் பயப்படல!" என்று கத்தினான். "அதுக்கு என்னடா தெரியும், அது இரும்பு. நான் குடிச்சிருந்தேன். ரோடு ரெண்டா தெரிஞ்சுது. நான் தப்பான ரோட்டுல போனேன். போதுமா? நீ ஒண்ணுமே பண்ணல பாப்பா. நீ ஒண்ணுமே பண்ணல."

பைரோட் மெல்ல இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். தெரியாதவன் மாதிரி.

"தாத்தா, கேட்டீங்களா?" என்றாள் லம்யாய். குரல் ஏறவே இல்லை. "ஆள் மாறிப்போச்சு. ஓடினது வண்டியோடது இல்ல. இந்தாளோடது. அவுங்க நூல."

"அதான பாத்தேன்" என்றார் லா தாத்தா. "நானும் எவ்வளவு கூப்பிடறேன், பிரேக்கு வரவே மாட்டேங்குது."

நூலை அவிழ்த்தார்கள். தவினுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். வண்டி தப்பித்தது! அடுத்த நிமிஷம் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

முதல் முடிச்சைப் போட வந்தது புவா. நூல் கட்டும்போது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது முறை. நோய் வராமல் இரு, பணம் கொழிக்கட்டும், அந்த மாதிரி. புவா முடிச்சை இறுக்கினாள்.

"அண்ணே, போன வருஷம் பரவாயில்லன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"பொய்."

அவ்வளவுதான் சொன்னாள். தவின் தலையைக் குனிந்து கும்பிட்டான். மத்த எல்லாச் சடங்கையும்விட அதுதான் உள்ளே இறங்கியது.

"குவான் எங்க ஓடிச்சோ அங்கதான் உக்காரணும்" என்றார் லா தாத்தா. "அந்த இடத்துலதான் அது சுத்திட்டிருக்கும்."

அந்த இடம் எது? புவாவின் கடை. கடை எங்கே? நெடுஞ்சாலை முனையில், தடுப்புக்குப் பக்கத்தில். எந்தத் தடுப்பைத் தாண்டுவேன் என்று சபதம் போட்டானோ, அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவனைக் கொண்டுபோய் மூங்கில் பலகைமேல் உட்காரவைத்தார்கள். லம்யாய் நூலின் மறுமுனையை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனாள், குனிந்தாள், சாக்குமூட்டைகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. கையைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"ம். உக்காரு. நூல் நீளமாத்தான் விட்டிருக்கேன். ஒதுங்கறதுக்கு எட்டும். ஆனா பாத்து. சுண்டி இழுத்த, போச்சு."

"மூணு நாளா?"

"மூணு நாள்."

"பிள்ளைங்களை டவுனுக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"

லம்யாய் அவன் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தாள். இன்னொரு பையில் கையை விட்டு மாற்றுச் சாவியையும் எடுத்தாள். அதில் சேவலின் எச்சம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பிக்கப் வந்தது. பின்னால் டிரம், டிரம்மைச் சுற்றிப் பிள்ளைகள். ஓட்டிக்கொண்டு வந்தது லம்யாய். தடுப்புக்கு முன்னால் நின்று, மூங்கில் ஓரமாகக் கிடந்த நாற்காலிக்கு இடம் விட்டு, குறுகின மேட்டில் பின்னால் எடுத்து ஒரே வளைப்பில் டவுன் பக்கமாகத் திருப்பினாள். டிரம்மில் தண்ணீர் தளும்பவில்லை. தவின் அந்த மேட்டில் திருப்பினால் இரண்டு பேர் இறங்கித் தள்ள வேண்டும். அவன் வாய் திறந்தபடி இருந்தது. கோயில் யானை தும்பிக்கையால் பூ எடுக்கிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"ஏய்... நீ எப்படி வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட?"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "நீ குடிச்சிட்டுத் தூங்கற நேரத்துல."

"அவ்வளவு நேரமா கெடச்சுது?"

"லாரியே ஓட்டுவேன்யா. அவ்வளவு நேரம் கெடச்சுது."

மூங்கில் தூக்கப்பட்டது. அவன் தாண்டுவேன் என்ற தடுப்பை அவன் வண்டி தாண்டிப் போனது. அவன்தான் அதில் இல்லை.

"சும்மாத்தான உக்காந்திருக்கீங்க அண்ணே" என்று புவா உரலைத் தள்ளிவிட்டாள். "இடிங்க."

இடது கையால் இடித்தான். வலது கையை நூலோடு மடியில், முட்டையை அடைகாக்கிற மாதிரி வைத்துக்கொண்டான். போதை மெல்ல இறங்கியது. இறங்க இறங்க ரோடு தெரிந்தது.

ரோட்டை அவன் இதுவரை வண்டிக்குள்ளிருந்துதான் பார்த்திருக்கிறான். உள்ளிருந்து பார்த்தால் ரோடு நம்முடையது. ஓரத்தில் நிற்கிறவர்கள் பொம்மை மாதிரிச் சின்னதாகத் தெரிந்து, சின்னதாகவே பின்னால் போய்விடுவார்கள். ஓரத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. தூரத்தில் ஒரு புள்ளி. அது பெரிதாகிறது. பெரிதாகிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுகிறவன் கண் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நமக்கும் அதற்கும் நடுவில் ஒரு பப்பாளிக்காய்தான் இருக்கிறது. விர்ரென்று போனதும் பலகை நடுங்குகிறது. ஒவ்வொரு தடவையும் தவின் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். புவா காயைச் சீவிக்கொண்டே இருந்தாள். அவள் தினமும் இங்கேதான் உட்காருகிறாள்.

"எப்படிம்மா இருக்க முடியுது உன்னால?"

"பழகிருச்சுன்னு சொன்னா நம்புவீங்களா?"

"நம்பமாட்டேன்."

"அப்ப இடிங்க."

நோக் டப்பாவில் தண்ணீர் மொண்டுகொண்டு, ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாகக் கடைக்கு முன்னால் வந்து நின்றாள். வண்டிகள் தன்னைப் பார்த்துப் பயப்படாது என்று தெரிந்துவிட்டதல்லவா? தவின் அவளைப் பார்த்தான். அப்புறம் ஊர்ப் பக்கம் பார்த்தான்.

ஊர்ப் பக்கமிருந்து ஒரு மோட்டார் பைக் வந்துகொண்டிருந்தது. நேராக வரவில்லை. பாம்பு நீந்துகிற மாதிரி வந்தது. பைரோட். சாராயம் தீர்ந்துபோய், டவுனுக்கு வாங்கப் போகிறான். முகத்தில் வெள்ளை மாவு, வாயில் துளசி இலை. தவினுடைய திட்டம் அப்படியே பைக்கில் ஏறி வருகிறது.

தடுப்பில் இருந்த பெண்கள் கத்தினார்கள். பைக் மூங்கிலைப் பார்த்தது, வளைந்தது, கடையைப் பார்த்து வந்தது.

எழுந்து ஓடலாம் என்றால் நூல். தவின் இடது கையால் நோக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, உரலுக்கு மேலாக இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டான். டப்பாத் தண்ணீர் முழுக்க அவன் தலையில். பைக் பலகைக் காலை உரசிக்கொண்டு போய், தண்ணீர் விளையாடிச் சேறாகிக் கிடந்த பள்ளத்தில் சாய்ந்தது. பைரோட் சேற்றிலிருந்து தலையைத் தூக்கினான். யாருக்கும் ஒன்றும் இல்லை. துளசி இலை மட்டும் தொண்டையில் போய்விட்டது. இருமினான். இருமி முடித்துவிட்டு, தவினைப் பார்த்து, மனதாரச் சொன்னான்.

"அண்ணே... வண்டி பயந்துருச்சு."

மடியில் இருந்த குழந்தையின் இதயம் கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. அது தன்னுடையதா அவளுடையதா என்று தவினால் பிரிக்க முடியவில்லை.

"சாவியக் குடு."

"அண்ணே, நான்தான் பைரோட்."

"யாரா இருந்தா என்ன? சாவியக் குடுடா நாயே!"

புவா தன்னாலேயே மோந்து பார்க்க முடியாமல் மூடிவைத்திருந்த, கெட்டுப்போன மீன் சாறு ஜாடி ஒன்று மூலையில் இருந்தது. தவின் சாவியை அதில் போட்டான். "வேணும்னா கைய விட்டு எடுத்துக்க" என்றான். பைரோட் மூடியைத் திறந்து பார்த்தான். வீட்டுக்கு நடந்தே போனான்.

அதற்கப்புறம் அந்தத் தடுப்பில் ஒரு எறும்புகூடத் தப்பவில்லை. பெண்களுக்கு வாடைதான் தெரியும். தவினுக்குத் தந்திரமெல்லாம் தெரியும். "அவன் பைக்க உருட்டிட்டுப் போறான் பாரு, வளைவு தாண்டினதும் ஏறிக்குவான், பிடி!" "அந்தாளு பூண்டு மென்னிருக்கான், மத்தியானம் யாரு பூண்டு மெல்லுவா?" "மூஞ்சிய மாவு போட்டு மறைச்சிருக்கான், தொடச்சுப் பாரு!" பிடிபட்டவர்கள் அவனைத் துரோகி என்று திட்டினார்கள். பெண்கள் அவனுக்குச் சோறும் சுட்ட கோழியும் முதலில் பரிமாறினார்கள். ஜாடி நிரம்பியது. லம்யாய் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள், ஒன்றும் சொல்லமாட்டாள், அவன் தலையில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுப் போவாள். ராத்திரி கொசுவலைக்குள் படுத்தாலும் தவின் நூலுள்ள கையை அசைக்காமலேயே தூங்கினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம். ஊரில் யாருக்கும் கால் உடையவில்லை. லா தாத்தா வந்து, மணிக்கட்டு முடிச்சைப் பதமாக அவிழ்த்தார். "உள்ள வந்து உக்காந்துருச்சு" என்றார். தவினுக்கும் அப்படித்தான் இருந்தது. எழுந்தான். காலை உதறினான். மூன்று நாள் தன்னைக் கட்டிப்போட்ட அந்த மகா நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுமுனையையும் முறைப்படி அவிழ்க்கலாம் என்று அதைப் பிடித்துக்கொண்டே போனான். பலகைக்கு அடியில் போனது. உரலைச் சுற்றிப் போனது. கடைக்குப் பின்னால் சாக்குமூட்டைக்குக் கீழே போனது. மூட்டையை நகர்த்தினான்.

நூல் அங்கே முடிந்திருந்தது. தூண் இல்லை. முடிச்சு இல்லை. மண்ணில் சும்மா கிடந்தது.

தவின் அந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தான். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"லம்யாய்... இது எதுலயும் கட்டவே இல்லயே!"

"அடடா" என்றாள் லம்யாய். "மறந்துட்டேன் போல."

"எனக்கு மொத நாளே தெரியும் மாமா" என்றாள் நோக்.

லம்யாய் அவன் கையிலிருந்து நூலை வாங்கி, விரலில் பொறுமையாகச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அறுந்து கிறுந்து போகல. அடுத்த வருஷத்துக்கும் இதுவே ஆகும்."